முகலாய ஆல்பங்களில் ஓவியத்துக்குப் பின்பக்கம் இருக்கும் பாரசீக எழுத்து அந்த ஓவியத்தைப் பற்றியதா?

பெரும்பாலும் இல்லை. ஜஹாங்கீர் படத்தின் பின்னால் இருக்கும் நாலு வரியை மொழிபெயர்த்து, அது அவரைப் புகழ்கிறது என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கீழே மீர் அலீ ஹெராவி என்ற புகழ்பெற்ற பாரசீக எழுத்துக் கலைஞரின் கையொப்பம் இருந்தால் கணக்கே உதைக்கும். ஜஹாங்கீர் பிறந்தது 1569இல். மீர் அலீ அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு ‘முரக்கா’ என்று பெயர். ஒட்டுப்போட்டது என்று பொருள். சூஃபிகளின் ஒட்டுத்துணி அங்கிக்கும் இதே சொல்தான். மீர் அலீ 1529 வாக்கில் ஹெராத்திலிருந்து புகாராவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவர் எழுதிய தனித்தாள்களை முகலாயர்கள் தேடிச் சேர்த்தார்கள். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அரசவைப் பட்டறையில் அவற்றை வெட்டி, ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் ஓவியம் என்று ஒட்டினார்கள். சுற்றிலும் பூ வேலை செய்த ஓரத்தாள். ஒட்டு தெரியாமலிருக்க அதன்மேல் பொன்னிலும் வண்ணத்திலும் கோடுகள். இதற்கு ஜத்வல் என்று பெயர். சட்டம்போலச் சுற்றி வரும் குட்டிக் கவிதைத் துண்டுகள்கூட வேறு ஏதோ சுவடியிலிருந்து நறுக்கியவைதான். ஆல்பத்தைத் திறந்தால் படத்துக்கு எதிரே படம், எழுத்துக்கு எதிரே எழுத்து வரும். எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக அமைய வேண்டும் என்பதில்தான் அக்கறை. முன்பக்கமும் பின்பக்கமும் பொருளால் பொருந்த வேண்டும் என்பதில் இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓவியத்தின் மேலேயே பொடி எழுத்தில் வரைந்தவர் பெயரோ, படத்தில் இருப்பவர் பெயரோ இருந்தால் அது படத்தைப் பற்றியதுதான். சிலவற்றில் ஜஹாங்கீரே தன் கையால் குறித்திருக்கிறார்.

எழுத்துப் பக்கத்தைப் படிக்க: நாலு வரியும் சாய்ந்திருந்தால் அது சலீபா அமைப்பு. வலது மேல்மூலையில் தொடங்குங்கள். கையொப்பம் பெரும்பாலும் இடது கீழ் முக்கோணத்தில், ‘ஏழை அலீ’ என்பதுபோலப் பணிவாக இருக்கும். நஸ்தலீக் என்ற இந்தச் சாய்வான பாரசீக எழுத்துப் பாணியில் எல்லா அளவும் நாணல் பேனா முனை வைக்கும் சாய்சதுரப் புள்ளியால்தான். முதல் எழுத்தான அலிஃபின் உயரம் மூன்று புள்ளி.

மை, விளக்குக்கரியும் வேலம்பிசினும். பிசின் கூடினால் காய்ந்தபின் வெடித்து உதிரும், குறைந்தால் கைபட்டாலே ஈஷும். தாளுக்குக் கஞ்சி தடவி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றாவிட்டால் மை ஊறிப் பரவும். நல்ல தாளில் மை மேலேயே நிற்கும்; அதனால் நீண்ட இழுப்பில் பேனாவில் மை தீரத் தீரக் கருமை வெளுப்பதை லென்ஸில் பார்க்கலாம். ஓரக்கோடு வரைந்து உள்ளே மை நிரப்பிய நகலில் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. கையொப்பத்தைவிட நான் நம்புவது இதைத்தான், ஏனென்றால் பெரிய ஆசான்களின் பெயரைப் போட்டுவிடுவது அன்றைக்கே வழக்கம்.

ஜத்வலின் பச்சைக் கோட்டையும் பாருங்கள். அது செம்புக் களிம்பு என்றால் தாளை அரிக்கும்: முதலில் பின்பக்கம் பழுப்புக் கோடு, பிறகு விரிசல், கடைசியில் நடுப்பகுதி ஜன்னல்போலக் கழன்று விழும். பாரசீக ஓவியர்கள் அந்தப் பச்சையில் கலந்த குங்குமப்பூ இந்த அரிப்பை மட்டுப்படுத்தும்.

நல்ல மாதிரி வேண்டுமானால் ஷாஜஹான் ஆல்பத்தைப் பாருங்கள். மொத்தம் 50 ஏடுகள்; 41 நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், 9 வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில். அதில் சில 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை, கவனம்.