மட்டாஞ்சேரியின் வெளியறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் கொச்சி போயிருந்தோம். மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தின் நீலப் பூவோடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்து அசந்துபோனோம். உலகமெங்கும் விரட்டப்பட்ட யூதர்களை நம் மண் அணைத்துக்கொண்டதே என்று பெருமையாக இருந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எதையாவது பார்க்காமல் வந்துவிட்டோமா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

பார்த்திருப்பீர்கள், நின்றிருக்க மாட்டீர்கள். செருப்பைக் கழற்றியதும் வெளியறையைத் தாண்டி நேரே சீன ஓடுகளிடம் போய்விடுவோம். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன்.

பெருமைக்குச் சான்று உண்டு, மறுக்கவில்லை. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு அங்கேதான் இருக்கிறது. வட்டெழுத்து. யாராவது வாசித்துக் காட்டினால் நமக்குப் பாதி புரிந்துவிடும்: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் என்று அடுக்கி, எழுபத்திரண்டு 'விடுபேறு', அதாவது சிறப்புரிமைகள். பாவாடை என்றதும் சிரிக்க வேண்டாம். பெரியவர்கள் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணி அது.

அந்தச் செப்பேட்டைக் காத்துவந்த ஜெபாலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு உள்ளே பெஞ்சில் இடமில்லை. வெளியறைத் தரையில் உட்கார வேண்டும். ஒரே வேதம், ஒரே ஓய்வுநாள், ஆனால் உட்காரும் இடம் வேறு. இந்த ஏற்பாட்டை எங்கே கற்றார்கள் என்று நாம் கேட்டால் நன்றாக இருக்காது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) அதே இடத்தில் சத்தியாகிரகம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தடையை உடைத்தார். 'யூத காந்தி' என்றார்கள். நீங்கள் பழம்பொருள் கடைகளில் பேரம் பேசிய தெருவுக்கு அவர் பெயர்தான். பலகையைக் கவனித்தீர்களா?

அடுத்த முறை எர்ணாகுளம் கடவும்பாகம் ஜெபாலயத்துக்குப் போங்கள். அது மலபார் யூதர்களுடையது, அதாவது வெளிநாட்டிலிருந்து பின்னால் வந்த பரதேசி யூதர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். முன்கட்டில் பல ஆண்டுகளாக வண்ணமீன் கடை. மீன் தொட்டிகளையும் செடிச் சட்டிகளையும் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். மோட்டார் சத்தமும் பாசி வாடையும் பின்னாலேயே வந்தன. பிறகு கேரளத்துச் சேந்தமங்கலம் ஜெபாலயம். அங்கே முற்றத்தில் 1269ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது, ஹீப்ரு எழுத்தில்: இஸ்ரேலின் மகள் சாரா. அதற்கு மேல் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் அதற்கே போதாது.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பப் போவதானால் சனிக்கிழமை வேண்டாம், பூட்டியிருக்கும்.