உருளி சரி, லாட்டரி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 48. வீட்டிலேயே தையல் வேலை. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். மொட்டை மாடியில் நின்று பறவை பார்த்து நோட்டில் எழுதி வைப்பேன். கேரள பஸ் போர்டைப் படிக்க வேண்டும் என்று தினமும் இரண்டு மலையாள எழுத்து பழகுகிறேன். போன மாதம் புனலூரில் ஒரு பழைய பாத்திரக் கடையில், பித்தளை என்று எடைக்குப் போட்டிருந்த உருளியைத் தட்டிப் பார்த்தேன். வெண்கலம்! பித்தளை விலைக்கே வாங்கி வந்துவிட்டேன். அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. ஆரியங்காவு போகும்போதெல்லாம் லாட்டரியும் வாங்குவேன், மாதம் 500 ரூபாய் ஆகிறது. ஒரே ஒரு தடவை சின்னப் பரிசு விழுந்தது. "எல்லாமே வேலையத்த வேலை" என்கிறார் என் மதினி. நான் சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறேனா? உருளியை இரண்டு மடங்கு விலைக்குக் கேட்கிறார் தென்காசிக்காரர் ஒருவர். கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், புளியரை

பதில்: மதினி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உருளி. அது அதிர்ஷ்டம் என்று நினைக்கிறீர்கள். பாதிதான் அதிர்ஷ்டம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயத்தின் விலை அதிகம் என்பதால்தான் வெண்கலத்துக்கு அந்த மவுசு. தட்டினால் பித்தளை சட்டென்று அடங்கிவிடும், வெண்கலம் நின்று ஒலிக்கும். அதே உருளியை அன்று எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள்! நீங்கள் நின்றீர்கள், தட்டினீர்கள், உங்கள் காதுக்குத் தெரிந்தது. தூக்கம் கெட்டது மிச்சமான காசுக்காக இல்லை, அந்தக் காதுக்காக. கடைக்காரர் ஏமாந்தாரே என்று மனம் உறுத்தினால், வேண்டாம். அவரும் எடைக்குத்தான் வாங்கியிருப்பார்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய சாமான் பரணில் ஏறிக்கொண்டே போனால், அது பொழுதுபோக்கு இல்லை, அடைசல். வீட்டில் புழங்கும் பொருளா என்று கேட்டுக்கொண்டு பேரத்தில் இறங்குங்கள்.

இப்போது லாட்டரி. இதில் நான் மதினி கட்சி. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தப் பக்கம் கேரளத்தில் 1967-ல் அரசே தனித் துறை தொடங்கி நடத்துகிறது. ஆரம்பத்தில் டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. கேரளத்தில் சட்டப்படி விற்பதுதான், அங்கே வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் உங்கள் காதுக்கு என்ன வேலை? ஆயிரமாவது சீட்டு வாங்கும்போதும் முதல் சீட்டு வாங்கிய அன்று இருந்த அதே இடத்தில்தான் நிற்பீர்கள். விற்ற பணம் முழுவதையும் பரிசாகக் கொடுத்தால் யார் லாட்டரி நடத்துவார்கள்? பெரிய பரிசே விழுந்தாலும் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மாதம் 500 என்றால் வருடத்துக்கு 6,000. அந்தப் பணத்துக்கு நல்ல பைனாகுலரே வாங்கலாம், இருவாச்சி வந்து உட்கார்ந்தால் கண் எந்த நிறம் என்று நோட்டில் எழுதலாம். ஓணம் பம்பருக்கு மட்டும் ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்கிறீர்களா, அது உங்கள் இஷ்டம். திருவிழாவில் ராட்டினம் சுற்றிய கணக்கில் எழுதிவிடுங்கள்.

பறவை நோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, தொடருங்கள். தேதியோடு எழுதுங்கள், சாரல் தொடங்கிய நாளையும் குறித்து வையுங்கள்.

மலையாள எழுத்து விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தானே, நமக்கு அது அவ்வளவு அந்நியம் இல்லை. ழ, ள, ற மூன்றும் அவர்களிடமும் உண்டு. நமக்கு ஒரே க, ஒரே ச இருக்கும் இடத்தில் அவர்களுக்கு நாலு நாலு எழுத்து நிற்பதுதான் முதலில் மிரட்டும், அப்புறம் கூட்டெழுத்து. பஸ் போர்டு சட்டென்று கடந்து போய்விடும், பழக ரயில்தான் தோது. செங்கோட்டையில் ஏறி புனலூர் வரை ஜன்னலோரம் உட்காருங்கள். 1904-ல் திறந்த பாதை அது, அகலப்பாதையாக முழுதும் ஓடத் தொடங்கியது 2018-ல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இங்கிலீஷைப் பார்ப்பதற்கு முன் மலையாளத்தில் பெயரை வாசித்துவிட வேண்டும், இதுதான் பந்தயம். கழுதுருட்டி பக்கம் பதின்மூன்று கண் பாலம் வரும்போது மட்டும் போர்டை மறந்துவிட்டு வெளியே பாருங்கள். முடிந்தால் மதினியையும் கூட்டிப் போங்கள். முணுமுணுத்துக்கொண்டே வருவார், ஆனால் தென்மலை தாண்டுவதற்குள் அவரும் எழுத்துக் கூட்ட ஆரம்பிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

சின்னப் பிள்ளைத்தனமா என்று கேட்டீர்கள். 48 வயதில் புது எழுத்து படிப்பவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியாக, விற்பனை. அவர் இரண்டு மடங்கு என்று சொல்வது நீங்கள் கொடுத்த பித்தளை விலையை வைத்து. அது பேரப் பேச்சு. உருளியை எடை போட்டுப் பாருங்கள், பழைய வெண்கலம் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். எடை விலையை விடக் கூடுதலாகத் தந்தால் யோசிக்கலாம். அதற்குள் ஒரு தடவையாவது அதில் அடைப்பிரதமன் பாயசம் வைத்துவிடுங்கள். பிடித்துப்போய் விற்க மனம் வராவிட்டால், "தர்றதா இல்ல" என்று அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.