கர்ப்ப காலத்தில் ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உள்ள தாங்கள் இப்போது ஐந்தாம் மாதத்தில் இருப்பதாகவும், தினமும் இழுக்கும் இன்ஹேலர் குழந்தையைப் பாதித்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை என்றும், அதை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், சகோதரி. மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். நான் மருத்துவர் அல்ல. கோத்தகிரியில் வசிக்கும், இதே நோயோடு ஒரு மகளைப் பெற்றெடுத்த தாய் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளை விளக்கின் கீழே விரித்து, கர்ப்பிணிகளைப் பற்றிய பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். "மாசமா இருக்கிறவ இதையெல்லாம் இழுக்கலாமா?" என்று என் மாமியார் கேட்பார். மூத்தவர்களின் இந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. 1957 முதல் 1961 வரை ஜெர்மனியில் விற்பனையான தாலிடோமைடு என்ற மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். இன்றும் வலிப்பு நோய்க்கான வால்புரோயேட் போன்ற சில மருந்துகளைக் கர்ப்ப காலத்தில் இயன்றவரை தவிர்க்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக, அதன் பெயரைச் சொல்லியே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

என் மனத்தைத் தேற்றியது எங்கள் மருத்துவர் கேட்ட கேள்விதான்: "மருந்து எடுத்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்கிறீர்களே, எடுக்காமல் உங்களுக்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?" குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்தே போகிறது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு இரத்த அழுத்தம் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது. இன்ஹேலர் மருந்தோ மைக்ரோகிராம் அளவில், பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலை செய்கிறது. அவற்றுள் தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தான புடெசோனைடு, திணறும்போது உடனடி நிவாரணத்துக்கு இழுக்கும் சால்பூட்டமால் இரண்டும் கர்ப்பிணிகளிடம் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருபவை.

கர்ப்பமானால் ஆஸ்துமா சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், சிலருக்கு மாறாது. கூடுபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறாம் மாதத்திற்குப் பிறகே தொந்தரவு அதிகமாவதால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று விட்டுவிட இது நேரமில்லை. அதிலும் நம் மலையில் மார்கழிப் பனியும், கதவைச் சாத்திக்கொண்டு மூட்டும் கரி அடுப்பும் மூச்சுக்குப் பெரும் பகை. அந்த அடுப்பை அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

பயம் வரும்போது நான் செய்தது ஒன்றுதான். காலையில், மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் முழு மூச்சையும் ஊதி, முள் நிற்கும் எண்ணை நாட்காட்டியின் அன்றைய கட்டத்தில் எழுதுவேன். எண் வழக்கமான அளவில் இருந்தால் குழந்தைக்கும் காற்று போதுமான அளவு போகிறது என்ற தைரியம் வந்துவிடும். அதன் பிறகு வீட்டில் யார் என்ன சொன்னாலும் என் மனம் அலையவில்லை. சால்பூட்டமால் எடுத்தும் திணறல் அடங்காவிட்டாலோ, பேச்சு திக்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேரவே நேரமாகும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசிகளில் கார்போபுரோஸ்ட் என்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே உங்கள் நோயையும் இன்ஹேலரின் பெயரையும் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறைக்குப் போகும்போது இன்ஹேலரையும் கையோடு கொண்டு போய், அங்கிருக்கும் செவிலியரிடம் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.