அல்ஜினேற்று ஜெல்லில் புரதத்தின் வேகம் நாளுக்கு நாள் கூடுவது ஏன்?

தங்கச்சி, ஒளிரும் சாயம் ஏற்றிய புரதத்தை ஓரிடத்தில் ஒளியால் வெளுத்து, ஒளிர்வு மீளும் வேகத்தை அளக்கும்போது, அல்ஜினேற்று (கடற்பாசிச் சர்க்கரைச் சங்கிலி) ஜெல்லில் அல்புமின் என்ற புரதத்தின் பரவல் குணகம், அதாவது அது பரவும் வேகத்தின் அளவு, மூன்றாம் நாள் கூடிவிடுகிறது, கருவியில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். கருவியை விடுங்கள், ஜெல் ஊறும் பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலைப் பாருங்கள். அல்ஜினேற்றுச் சங்கிலிகளைக் கட்டிவைத்திருப்பது கல்சியம். பொஸ்பேற்று அதைப் பிடித்துக்கொள்ளும், அந்த இடத்துக்குச் சோடியம் வந்துவிடும். வலை தளர்ந்து ஜெல் ஊதும். அல்புமினின் ஆரையே சுமார் 3.5 நானோமீற்றர், வலைக்கண்ணும் சில நானோமீற்றர்தான். கண் கொஞ்சம் விரிந்தாலே வேகம் நன்றாகக் கூடும். என் முதல் தொகுதி மாதிரிகள் இப்படித்தான் வீணாகின, ஒரு மாத உழைப்பு.

பொஸ்பேற்று இல்லாத தாங்கற்கரைசலான ஹெப்பெஸில் உப்போடு 2 மில்லிமோலார் கல்சியம் குளோரைட்டும் சேர்த்து ஊறவிடுங்கள். தினமும் ஜெல்லை நிறுத்துப் பாருங்கள். நிறை மாறாமல் நின்ற பிறகே பரவலை அளவிடுங்கள்.

அப்புறம் வெப்பநிலை. வெளியே பேராதனை 25 பாகை, ஏசி போட்ட நுணுக்குக்காட்டி அறை நுவரெலியாக் காலை மாதிரி 16 என்றால், நீரின் பாகுத்தன்மை கூடுவதாலேயே பரவல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சூடாக்கும் மேடை இருந்தால் 37 பாகையிலேயே அளவிடுங்கள், உடம்புக்குள் போகப்போகிற ஜெல்தானே.

ஒளிர்வு 70 வீதம்தான் மீள்கிறது என்றீர்கள். சரி, அதே இடத்தை இரண்டாம் முறை வெளுத்துப் பாருங்கள். இந்தத் தடவை, இரண்டாம் வெளுப்புக்குச் சற்று முன்பிருந்த அளவுக்கு முழுதாக மீண்டால், முதலில் மீளாதது ஜெல்லில் ஒட்டிக்கொண்ட புரதம். அந்த இரண்டாவது வரைபையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.