வாசகர் கேள்வி – பதில்: பதவி உயர்வு வேண்டாம் என்றால் சம்பளம் என்ன ஆகும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் இரண்டு ஒரே கவலையைப் பேசுகின்றன. ஒன்று புதுச்சேரியில் இருக்கும் தங்கைக்காக அண்ணன் எழுதியது, இன்னொன்று பிரான்சைச் சேர்ந்த நம் ரெயூனியன் தீவிலேயே வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியது. மூன்றாவதாக ஒரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சேன்-பியேரில் இருக்கிறேன், சொந்த ஊர் புதுச்சேரி. என் தங்கை அங்கே அரசு அலுவலகத்தில் யு.டி.சி. (மேல்நிலை எழுத்தர்). 2004 ஜூனில் எல்.டி.சி.யாக (கீழ்நிலை எழுத்தர்) சேர்ந்தாள், 2013 ஜூனில் யு.டி.சி. ஆனாள். 2022 மார்ச்சில் அசிஸ்டென்ட் பதவி உயர்வு வந்தது, ஆனால் போஸ்டிங் கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில். மாமியார் படுத்த படுக்கை, பையன் பத்தாம் வகுப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். 2023 ஜூனில் யு.டி.சி.யாகப் பத்து ஆண்டு முடிந்ததும் எம்.ஏ.சி.பி. (பதவி உயர்வு இல்லாமல் தேங்கியவர்களுக்குத் தரும் சம்பள உயர்வு) கேட்டாள், "நீங்கள் பதவி உயர்வை மறுத்தவர்" என்று திருப்பிவிட்டார்கள். குடும்பச் சூழ்நிலைக்காகச் செய்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? ஏதாவது வழி உண்டா?

பதில்: தம்பி, உங்கள் தங்கையின் நிலைமையைப் படிக்கும்போது என் பழைய மேசை ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் பல ஆண்டுகள் ஊழியர்களின் பணி விவரங்களைப் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தவன் நான். மாஹே, யானம் என்று ஆர்டர் வந்தால் மூன்றாம் நாளே மறுப்புக் கடிதம் என் மேசைக்கு வந்துவிடும், அதில் பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. அந்தக் கடிதம் சம்பளத்தில் எங்கே போய் இடிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், கேட்காதவர்களுக்கு நானாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

சரி, விதிக்கு வருவோம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே மத்திய அரசின் சம்பள விதிகள்தான். எம்.ஏ.சி.பி. திட்டத்துக்கான ஆணை 2009 மே 19இல் வந்தது, 2008 செப்டம்பர் 1 முதல் செல்லும். அதற்கு முன்பு 1999இல் வந்த ஏ.சி.பி. என்ற பழைய திட்டத்தில் 12, 24 ஆண்டுகளில் இரண்டு உயர்வுகள், இதில் 10, 20, 30 ஆண்டுகளில் மூன்று. இடையில் பதவி உயர்வு கிடைத்திருந்தால் அதுவும் இந்த மூன்றில் ஒன்றாகக் கழிந்துவிடும். உங்கள் தங்கைக்கு 2013இல் ஒன்று கழிந்தது. அடுத்தது மொத்த சர்வீஸ் 20 ஆண்டிலோ, ஒரே சம்பள லெவலில் 10 ஆண்டிலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது. அதாவது 2023 ஜூன். கணக்கை உங்கள் தங்கை சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

சிக்கல் அந்த ஆணையின் 25ஆம் பத்தியில் இருக்கிறது. மேலே போக வழியில்லாமல் ஒரே பதவியில் தேங்கிப் போகிறவர்களுக்காகக் கொண்டுவந்த திட்டம் இது. முறையான பதவி உயர்வு கையில் கொடுக்கப்பட்டு, அதை ஒருவர் எம்.ஏ.சி.பி.க்குத் தகுதி பெறும் நாளுக்கு முன்பே மறுத்துவிட்டால், வாய்ப்பில்லாமல் தேங்கினார் என்று சொல்ல முடியாது, ஆகவே உயர்வு கிடையாது என்கிறது அந்தப் பத்தி. ஏ.சி.பி. விஷயத்தில் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரி 3இல் மஞ்சு அரோரா வழக்கில், பதவி உயர்வை மறுத்தவர் தேக்கத்துக்கான பலனைக் கேட்க முடியாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே அலுவலகம் சொன்னது விதிப்படி சரிதான். உங்கள் மனம் சங்கடப்படும் என்று தெரிந்தும், பொய் நம்பிக்கை கொடுத்து வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வைக்க எனக்கு மனமில்லை.

மனதை அறுப்பது என்னவென்றால், அதே பத்தியின் அடுத்த பகுதி வேறு மாதிரி இருக்கிறது. எம்.ஏ.சி.பி. முதலில் கிடைத்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் பதவி உயர்வை மறுத்தால், கொடுத்த உயர்வைத் திரும்பப் பிடிக்க மாட்டார்கள். அடுத்த உயர்வு மட்டும், மறுபடி பதவி உயர்வுக்குச் சம்மதிக்கும் வரை நிற்கும், மறுத்தவரை மறுபடி கூப்பிடாத தடைக்காலம் எவ்வளவோ அவ்வளவு தள்ளியும் போகும். அதாவது மாஹே ஆர்டர் 2022 மார்ச்சுக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்திருந்தால், அதே கடிதத்தை அதே காரணத்தோடு எழுதியிருந்தாலும் உங்கள் தங்கை கையில் அந்த உயர்வு இருந்திருக்கும். 15 மாதம் குறுக்கே விழுந்துவிட்டது, அவர் தவறு எதுவும் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்? முதலில் 2022 ஆர்டரின் நகலை எடுத்து, அது ரெகுலர் பதவி உயர்வா, 'அட்-ஹாக்' (தற்காலிகம்) என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்-ஹாக் ஆணைகளை நான் நிறையவே டைப் செய்திருக்கிறேன். 25ஆம் பத்தி பேசுவது ரெகுலர் பதவி உயர்வைப் பற்றி, குறுகிய கால இடத்துக்கான அட்-ஹாக் உயர்வை மறுப்பதற்கு 1981 அக்டோபர் 1 தேதியிட்ட மறுப்பு விதிகளும் பொருந்தாது. ஆர்டரில் அந்தச் சொல் இருந்தால் கதையே மாறும், உடனே மனு கொடுக்கலாம். அதோடு, மறுப்பை நியமன அதிகாரி ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, சர்வீஸ் புக்கில் என்ன பதிந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ரெகுலர் ஆர்டர்தான் என்றால், எம்.ஏ.சி.பி. வழியாக அந்த இரண்டாவது உயர்வை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, பதவி உயர்வு வழியாகவே வாங்கப் பார்க்கலாம். 1981 விதிப்படி, மறுத்த நாளிலிருந்து ஓராண்டு, அல்லது அடுத்த காலியிடம் வரும் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஓராண்டு எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாயால் சொல்லி வைப்பது டி.பி.சி. (பதவி உயர்வுக்குப் பெயர்களைப் பரிசீலிக்கும் குழு) கூடும் நாளில் யாருக்கும் ஞாபகம் வராது. அப்புறம் ஒன்று, இடையில் பதவி உயர்வு பெற்ற ஜூனியர்கள் அசிஸ்டென்ட் சீனியாரிட்டியில் மேலே போய்விட்டார்கள், அது திரும்பாது.

பண விஷயத்தில் இதில் ஓர் ஆறுதல் உண்டு. உதாரணத்துக்கு அவர் அடிப்படைச் சம்பளம் லெவல் 4இல் 33,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஏ.சி.பி. கிடைத்திருந்தால் ஒரு இன்க்ரிமென்ட் சேர்த்து 34,300, அதற்கு லெவல் 5இல் அடுத்த கட்டம் 34,900. எம்.ஏ.சி.பி. எப்போதும் பட்டியலில் பக்கத்து லெவலுக்குத்தான் கொண்டு போகும். அசிஸ்டென்ட் பதவி லெவல் 6, அங்கே தொடக்கமே 35,400. டி.ஏ. (அகவிலைப்படி), வீட்டு வாடகைப்படி எல்லாம் இதன்மேல்தான் கணக்காகும், ஆகவே தாமதமாக வந்தாலும் பதவி உயர்வு பெரியது. ஆண்டு இன்க்ரிமென்ட், டி.ஏ. இவை மறுப்பால் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை, அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி இதுபோல் ஆர்டர் வாங்கப் போகிற மற்ற தங்கைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீங்கள் மறுப்பது பதவியை அல்ல, ஊரை. அப்படியென்றால் கடிதத்தில் ஊரைப் பற்றித்தான் எழுத வேண்டும். பதவி உயர்வை ஏற்கிறேன், மருத்துவக் காரணத்தால் புதுச்சேரியிலோ காரைக்காலிலோ இடம் கொடுங்கள், இல்லையென்றால் சேர அவகாசம் கொடுங்கள் என்று மருத்துவச் சான்றோடு கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் "வேண்டாம்" என்ற சொல்லை முதல் கடிதத்திலேயே எழுதாதீர்கள், அது பதிவாகிவிட்டால் காரணத்தை யாரும் படிப்பதில்லை. காரணம் ஏற்கத்தக்கதல்ல என்று அதிகாரி நினைத்தால் பதவி உயர்வைக் கட்டாயமாக்கவும், அதற்கும் மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் 1981 விதியில் இடம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் சேன்-தெனியில் பிரெஞ்சு அரசு அலுவலகம் ஒன்றில் சி பிரிவில் வேலை செய்கிறேன், வயது 44. பி பிரிவுக்கு உயர்த்தும் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது, ஆனால் இடம் பாரிஸ் பக்கம். அம்மாவுக்கு 78 வயது, நான் ஒரே மகள். வேண்டாம் என்றால் என் எஷ்லோன் (சம்பளப் படிநிலை) நின்றுவிடுமா? இனிமேல் கூப்பிடவே மாட்டார்களா? போனால் சம்பளம் ஏறுமா?

பதில்: அம்மா, எஷ்லோன் நிற்காது. அது பணிக்காலத்தைப் பார்த்து ஏறுவது, பதவி உயர்வை ஏற்றீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. மறுத்தால் சி பிரிவிலேயே இருப்பீர்கள், அவ்வளவுதான். ஒரே பிரிவுக்குள் கிராத் (தரநிலை) உயர்வு வந்து, கொடுத்த இடத்தை மறுத்தால், அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று 1984 அரசு ஊழியர் சட்டத்திலேயே இருந்தது, 2022 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள அரசுப் பணிச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பட்டியல் ஆண்டுதோறும் புதிதாகப் போடுவது. மறுபடி பெயர் வர மேலதிகாரி முன்மொழிய வேண்டும், கஷ்டம் அங்கேதான்.

சம்பளம் ஏறுமா என்று கேட்டீர்கள். உண்மையில் கையில் வருவது இறங்கும். இங்கே நம் அடிப்படைச் சம்பளத்தின்மேல் 53 சதவீதம் கூடுதலாக வருகிறதல்லவா, அது தீவுக்கானது, நீங்கள் விமானம் ஏறினால் உங்களோடு வராது. உங்கள் சம்பளக் குறியீடு 400 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு புள்ளி மாதத்துக்கு 4.92 யூரோ, மொத்தம் 1,969 யூரோ, 53 சதவீதத்தோடு 3,013. பி பிரிவில் 410 புள்ளி கொடுத்தாலும் 2,018 யூரோதான், பாரிஸ் வட்டார வசிப்பிடப்படி 3 சதவீதம் சேர்த்தால் 2,079. மற்றப் படித்தொகைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் மாதம் 900 யூரோவுக்கு மேல் குறைகிறது, அதில் பாரிஸ் வாடகை வேறு.

அப்படியானால் மறுப்பதால் நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது, ஓய்வூதியத்தில். அந்த 53 சதவீதம் அடிப்படை ஓய்வூதியக் கணக்கில் வராது, கடைசி ஆறு மாதம் வகித்த குறியீட்டை வைத்துத்தான் அடிப்படை ஓய்வூதியம், முழுப் பணிக்காலம் என்றால் அதிகபட்சம் 75 சதவீதம். சி பிரிவின் உச்சி 480 புள்ளிக்குக் கீழே, பி பிரிவின் உச்சி 590ஐ ஒட்டி. உங்களுக்கு வயது 44, முன்னால் இருபது ஆண்டு இருக்கிறது, அந்தப் படிகளை ஏற நேரம் உண்டு. இதே கேள்வியை 59 வயதில் கேட்டிருந்தால் யோசிக்காமல் இங்கேயே இருங்கள் என்று எழுதியிருப்பேன்.

திரும்பி வர ஒரு வழி உண்டு. அலுவலகத்தில் 'சிம்' என்று சொல்வார்கள், ஒருவருடைய வாழ்க்கையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் அளவுகோல் அது. பிறந்த ஊர், பெற்றோர் வசிக்கும் இடம், நிலம், வீடு இவற்றையெல்லாம் பார்ப்பார்கள். 2017 பிப்ரவரி 28 சட்டம் இதை இடமாற்றத்தில் சட்டப்படியான முன்னுரிமையாக்கியது. பி பிரிவாகத் திரும்பினால் உயர்ந்த குறியீட்டின்மேல் 53 சதவீதம் மறுபடி வரும். ஆனால் முன்னுரிமை என்றால் உடனே இடம் என்று பொருள் இல்லை, காலியிடம் வர வேண்டும். உங்கள் துறையில் அந்தப் பிரிவில் ரெயூனியனுக்குத் திரும்பியவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்று சங்கத்தில் கேளுங்கள், கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு என்றால் அம்மாவோடு உட்கார்ந்து பேசலாம். எட்டு, பத்து என்று சொன்னால், 11 மணி நேர விமானப் பயணத் தூரத்தில் 78 வயது அம்மாவைத் தனியாக விட்டுப் போகச் சொல்ல என்னால் முடியாது, அந்த ஓய்வூதிய வித்தியாசத்தை விட அது பெரிது என்பது என் எண்ணம்.

கேள்வி: என் மாமன் மகன் கடலூரில் தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்கும் எம்.ஏ.சி.பி. விதிதானா?

பதில்: இல்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பேருந்தில் ஒரு மணி நேரம்தான், விதி வேறு. தமிழ்நாடு அரசில் ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை என்று சம்பள உயர்வு. புதுச்சேரி நண்பர்கள் சொல்வதை வைத்து அவர் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பதவி உயர்வுத் துறப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், தேர்வு நிலை, சிறப்பு நிலை இரண்டுக்கும் அதனால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கச் சொல்லுங்கள்.