வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: நெஞ்சில் கட்டிய சீழ்

கேள்வி: என் தந்தைக்கு வயது 57, நீரிழிவும் உண்டு. நியூமோனியாவுக்குப் பிறகு நெஞ்சில் சீழ் கட்டி, குழாய் வைத்து எடுத்தும் நுரையீரல் விரியவில்லை. அதன்மேல் படிந்த ‘தோலை’ உரிப்பதற்கு வெலிசறையிலுள்ள சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். அப்பாவோ காலபோக அறுவடை முடியட்டும் என்கிறார். நுரையீரலை வெட்டி எடுத்துவிடுவார்களா? அதுவரை பொறுக்கலாமா?
– வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: நுரையீரலை எடுக்கமாட்டார்கள், அதைச் சுற்றி இறுகியிருக்கும் உறையை மட்டுமே உரிப்பார்கள். ஆனால் அறுவடை வரை பொறுக்க வேண்டாம்.

நுரையீரலையும் மார்புச் சுவரின் உட்புறத்தையும் போர்த்தியுள்ள இரு மென்சவ்வுகளுக்கிடையே வழக்கமாகச் சில மில்லிலீற்றர் நீரே இருக்கும். நியூமோனியாவின்போது அந்த நீர் பெருகி, அதில் கிருமி புகுந்தால் சீழாகிறது. தொடக்கத்தில் அது இளக்கமாக இருப்பதால் மருந்தும் குழாயுமே பெரும்பாலும் போதும். (குழாய் வைத்தால் நீர் இன்னும் ஊறும் என்று ஊரில் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.) நாள் செல்லச் செல்லச் சீழ் உறைந்து அறை அறையாகப் பிரிந்து, சில வாரங்களில் தழும்பு இழையமாகி நுரையீரலை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், அந்த நிலையில் மருந்து உள்ளே சரிவரச் சேராது, குழாயாலும் வடியாது.

சத்திரசிகிச்சையில், முழு மயக்கம் கொடுத்து, விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகளிட்டுக் கமராவின் துணையோடோ, உறை தடித்திருந்தால் மார்பைத் திறந்தோ அதை உரித்தெடுப்பார்கள். உரித்த இடத்தில் சில நாட்கள் காற்றுக் கசியக்கூடும். நெஞ்சில் வைத்த குழாயோடு இணைத்திருக்கும் நீர்ப்போத்தலில் குமிழி எழுவது அதனால்தான். தாமதித்தால் உறை மேலும் தடித்து, உரிக்கும்போது குருதிப்பெருக்கு அதிகரிக்கலாம். அந்தப் பக்க விலாக்கள் ஒடுங்கி, மூச்சுக் கொள்ளளவு நிரந்தரமாகவே குறையவும் கூடும்.

நீரிழிவுள்ளவர், வயலில் இறங்குபவர் என்பதால், சீழையும் உரித்த இழையத்தையும் எந்தெந்தக் கிருமிகளுக்குப் பரிசோதித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். காசநோயென்றால் குறைந்தது 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும். சேற்றிலும் வயல்நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்றால், முதலில் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் ஊசி மருந்தும், பின்னர் ஏறத்தாழ 3 மாதம் மாத்திரையும் தேவைப்படும். சாதாரண நியூமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்துகள் பல இவ்விரண்டுக்கும் போதா.

வீடு திரும்பிய பின் மூச்சுப் பயிற்சியைத் தவறவிடக் கூடாது. நெல்மூட்டை தூக்குவதையும் சூடடிக்கும் தூசியில் நிற்பதையும் ஏறத்தாழ 6 வாரம் தவிர்த்து, வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு வயலுக்குப் போகலாம்.