தாத்தாவின் ராணுவப் பதிவில் வட ஆப்பிரிக்கா விடுபட்டிருந்தால் பதக்கம் கேட்க முடியுமா?
முடியும். உங்கள் மறைந்த தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது டர்பனிலிருந்து போய், தென்னாப்பிரிக்க ராணுவத்தின் இந்திய-மலாய் படையில் லாரி ஓட்டியவர், ஆனால் பதிவில் வட ஆப்பிரிக்கா இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் பதிவைத் திருத்த வேண்டும், பதக்கம் அப்புறம்.

தென்னாப்பிரிக்கத் தேசியப் பாதுகாப்புப் படையின் ஆவண மையத்தில் அவருடைய முழுக் கோப்பின் நகலைக் கேளுங்கள். வாரிசுச் சான்றையும் இணையுங்கள். பெயரை மட்டும் நம்பாமல் படை எண்ணை, அதாவது ராணுவத்தில் அவருக்குத் தந்த எண்ணைக் கொடுங்கள். நாயுடு, பிள்ளை என்று எத்தனையோ பேர், எழுத்தும் தாளுக்குத் தாள் மாறும்.

வட ஆப்பிரிக்கப் போர்க்களத்துக்கான பதக்கம் ஆப்பிரிக்கா ஸ்டார். அதற்கு 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை அந்தக் களத்தில் ஒரு நாள் பணியாற்றியிருந்தாலே போதும். அந்த ஒரு நாளுக்குத்தான் சான்று தேவை: ஊதியப் புத்தகம், தணிக்கை முத்திரை உள்ள கடிதம், மருத்துவமனைச் சீட்டு. 1942இல் லிபியாவின் டோப்ருக்கில் எதிரிகளிடம் பிடிபட்டிருந்தால், ஜெனீவா செஞ்சிலுவைக் குழுவின் போர்க்கைதி ஆவணங்களிலும் தேடச் சொல்லுங்கள். நிறத்தின் பெயரால் துப்பாக்கி மறுக்கப்பட்டு, குண்டுகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்கள் இவர்கள். தயங்காமல் கேளுங்கள்.